இரண்டாவது ஆள் பார்த்த கணக்கு

786
சார்ஜா
09.09.1994

அன்புள்ள றபீக்கா ராத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்ட கிருபையால நான் இஞ்ச சுகமா இருக்கன். உம்மாட கால் வீக்கம் வத்திட்டா, மஜீட் மச்சான் கடலுக்குப் போறாரா, எல்லாத்தையும் விபரமா எழுதுங்க.

ராத்தா, இதோட ஒரு கணக்குத் தாளும் ஒரு படமும் வைச்சிருக்கன். ரெண்டிலயும் ரெண்டு பிரதி. அது என்னெண்டு சொல்றன். எங்கட வேலைத்தல என்ஜினியர் கோல்மன், வெள்ளக்காரன், எட்டு மாசமாத் தன்ட கொட்டிலுக்குள்ள ஒரு சின்ன பிளேன் செய்யிறார். ரெண்டு பேர்தான் இருக்கலாம். வெள்ளிக்கிழமையில ஜும்ஆ முடிய நானும் அழகரெத்தினமும் போய் வேலை செய்யிறம். அழகுவ உங்களுக்குத் தெரியும்தானே, பாண்டிருப்பு கேதீஸ்வரிட புருசன், கல்முனைப் பட்டறையில என்னோட வெல்டிங் பழகினவன். இஞ்சயும் எங்களுக்கு ஒரே அறை. அவன் ஒட்டின குழாயெல்லாத்தையும் கோல்மன் தடவித் தடவிப் பார்த்துட்டு, "இத விட ஆராலயும் ஒட்ட ஏலாது" எண்டு சொன்னவர். கணக்கு வேலை முழுக்க எனக்கிட்ட. கணக்கு ரீச்சர்ட தம்பியெண்டா சும்மாவா!

பறக்கிற சாமானுக்கு மொத்த எடை தெரிஞ்சாக் காணாது. அந்த எடையெல்லாம் சேர்ந்து எந்த இடத்தில நிக்குது எண்டு பார்க்கணும். எங்கட மெசினுக்கு அது மூக்கு நுனியில இருந்து 175 சென்டிமீற்றருக்கும் 195க்கும் இடையில நிக்கணும். 195ஐத் தாண்டிப் பின்னுக்குப் போயிட்டா ஆபத்து. ஏன் எண்டு கோல்மன் கையால காட்டினவர். மெதுவாப் பறக்கக்குள்ள ஒரு செட்டை சரிஞ்சா மெசின் பம்பரம் போலக் கிறுகத் தொடங்கும். மூக்குப் பக்கம் பாரமா இருந்தாப் பயமில்ல. சுக்கான எதிர்ப்பக்கம் மிதிச்சுப் பிடிய முன்னுக்குத் தள்ள, மூக்குக் கீழ போய் வேகமெடுத்து நேராகிடும். பின்பக்கம் பாரமா இருந்தா மூக்குக் கீழ போகாது. தட்டையாக் கிறுகிக் கிறுகி நிலத்துக்குத்தான் வரும். ஓட்டுறவன் என்ன செஞ்சாலும் கேக்காதாம்.

மெசினத் தராசுல ஏத்தி நிறுத்தாச்சு. அதுக்குப் பிறகு என்ஜின் சூடு படாம பற்றரியச் சீற்றுக்குப் பின்னால மாத்தினம். திரும்ப நிறுக்கல்ல. படத்தில தூரத்தப் பார்த்துத் தாளிலயே மாத்திட்டன். ரெண்டு பேர் ஏறி, பின்னால சாமான் பையும் வைச்சு, எண்ணெய் முடியிற நேரத்தில எங்க நிக்கும் எண்டும் போட்டிருக்கன். 194. எல்லைக்குள்ளதான். ஆனா இரண்டாவது ஆள் ஒருத்தர் பார்த்துக் கையெழுத்து வைக்காம ஒருத்தரும் ஏறுறல்ல எண்டு கோல்மன் சொல்லிட்டார். நான் உங்களச் சொன்னன். ஒருக்காப் பார்த்து, கீழ விட்டிருக்கிற கோட்டில பேர எழுதி அனுப்புங்க.

உம்மாக்கு என்ட ஸலாம். துஆச் செய்யுங்க.

தம்பி முனாப்


786
சாய்ந்தமருது
05.10.1994

அன்புத் தம்பி முனாபுக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். அல்லாஹ் உன்னை நோய் நொடி இல்லாமல் வைத்திருக்கட்டும். உம்மாவுக்கு வீக்கம் குறைந்துவிட்டது, உப்பைக் குறைக்கச் சொன்னால்தான் சண்டைக்கு வருகிறா. மச்சான் போன கிழமை முழுவதும் கரையில்தான். நேவிக்காரர் கடலுக்கு இறங்க விடுகிறார்கள் இல்லை.

உன் கடிதம் வந்து பத்துப் பன்னிரண்டு நாளாகிறது. சாதாரண தரப் பிள்ளைகளுக்கு மாதிரி வினாத்தாள் திருத்தித் திருத்தி என் கண் போய்விட்டது, அதனால்தான் சுணக்கம். இன்று மச்சான் தபால் கந்தோர்ப் பக்கம் போகிறார் என்றதும் உன் தாளை எடுத்துப் பார்த்தேன். பெருக்கல், கூட்டல், வகுத்தல் எல்லாம் சரி. 194 தான் வருகிறது. ஒரு பிரதியில் பெயர் எழுதி அனுப்புகிறேன், மற்றது என்னிடம் இருக்கட்டும். தாள் வந்த அடுத்த நாளே ஆசிரியர் அறையில் காட்டினேன். என் தம்பி வெளிநாட்டில் பிளேன் செய்கிறான், நான்தான் கணக்குப் பார்க்கிறேன் என்றதும் உம்மு ரீச்சருக்கு வாய் மூடவில்லை.

நீ அதில் ஏறாதே. உம்மாவுக்கு இதெல்லாம் சொல்லவில்லை.

வஸ்ஸலாம்.

ராத்தா றபீக்கா


786
சாய்ந்தமருது
15.11.1994

தம்பி முனாபுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீ சுகமாக இருக்கிறாயா என்று கேட்கவே பயமாக இருக்கிறது. இரு கை கால்களோடும் இருக்கிறாய் என்று ஒரு வரி எழுதிப் போடு, உம்மா சாப்பிடுகிறா இல்லை.

வெள்ளிக்கிழமை கல்முனைச் சந்தையில் வைத்துத்தான் மச்சானுக்குத் தெரிந்தது. பாண்டிருப்புக்கு அழகரெத்தினத்தின் பெட்டி வந்திருக்கிறது என்று. நாங்கள் இருவரும் போனோம். தொண்ணூறாம் ஆண்டுக் கலவரத்துக்குப் பிறகு அந்த ஒழுங்கைக்குள் நான் கால் வைத்தது அன்றுதான். எங்களைக் கண்டதும் கதைத்துக்கொண்டு நின்றவர்கள் கதையை நிறுத்தினார்கள். ஒரு கிழவர் கதிரை எடுத்துப் போட்டார். பெட்டி பூட்டியிருந்தது, திறக்க வேண்டாம் என்று கடுதாசி ஒட்டியிருந்தது. ஒக்டோபர் 21, விமான விபத்து என்று மட்டும் இங்கிலீசில் எழுதியிருந்தது.

கேதீஸ்வரி என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: "உங்கட தம்பியும் பக்கத்தில நிண்டவரா ரீச்சர்? என்ன நடந்த எண்டு எழுதினவரா?"

"இன்னும் கடிதம் வரல்ல புள்ள" என்றேன்.

"பெட்டியோட அவர் வருவார் எண்டு நினைச்சன்" என்றாள். நானும் அப்படித்தான் நினைத்தேன். நீ ஏன் வரவில்லை? லீவு தரவில்லையா? மூன்று வயதுப் பிள்ளை உசாந்தினி, பெட்டிக்குள் சாமான் இருக்கிறதென்று நினைத்துத் திறக்கச் சொல்லி அழுதுகொண்டிருந்தது.

உடனே எழுது.

ராத்தா


786
சார்ஜா
04.12.1994

அன்புள்ள ராத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நான் சுகம். எனக்கு ஒண்டும் நடக்கல்ல, உம்மாக்குச் சொல்லுங்க. எழுதாம இருந்ததுக்குக் குறை நினைக்காதீங்க. விசாரணை, ஆஸ்பத்திரி எண்டு ஓடித் திரிஞ்சதில நாள் போயிட்டு. லீவு கேக்கல்ல. கேட்டாலும் தந்திருக்க மாட்டாங்க.

ரெண்டு கிழமையா வெள்ளிக்கு வெள்ளி கோல்மன் தனியப் பறந்தவர். பூப்போலப் போய் வந்த. 21ஆந் திகதி அழகு ஏறினவன். சீற்றுக்குப் பின்னால வேலைச் சாமான் பையும் கூடாரமும் வைச்சது. கடற்கரை நீளத்துக்கு ரெண்டு மணித்தியாலம் போய்த் திரும்பி வந்தாங்க. இறங்க முன்ன, ரெண்டு பேரோட மெதுவாப் பறந்தா எப்பிடி இருக்கும் எண்டு உயரத்தில வைச்சுப் பார்த்திருக்கார். நான் கீழ நிண்டு பார்த்துக்கொண்டு நிக்கன். இடது செட்டை சரிஞ்ச. கிறுகத் தொடங்கின. நேராகும் எண்டு பார்த்தன். ஆகல்ல. பதினொரு சுத்து எண்ணினன். உப்புத் தரையில தட்டையா வந்து விழுந்த.

கோல்மன் உசிரோட இருக்கார். முள்ளந்தண்டு போயிட்டு, அவர அவர்ட நாட்டுக்குக் கொண்டு போயிட்டாங்க. அழகு ஆஸ்பத்திரிக்குப் போற வழியில. நான்தான் வண்டிக்குள்ள அவனோட இருந்தன்.

கோல்மன் தான் வேகத்தக் கூடக் குறைச்சிட்டன், தன்ட பிழை எண்டு சொல்லியிருக்கார். விசாரணைக்காரங்களும் அப்பிடித்தான் எழுதுவாங்க போல. கேதீஸ்வரிக்கு அப்பிடியே சொல்லுங்க.

உங்களுக்கிட்ட இருக்கிற அந்தத் தாள் இனி என்னத்துக்கு, கிழிச்சுப் போடுங்க.

உம்மாவப் பார்த்துக்கொள்ளுங்க.

முனாப்


786
சாய்ந்தமருது
27.12.1994

தம்பி முனாபுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உன் கடிதம் வந்த அன்றே உம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். வீட்டில் எல்லாரும் இருக்கிறோம். சுகம் என்று எழுதக் கை வரவில்லை.

கிழிக்கச் சொன்னாய். கிழிப்பதற்காகத்தான் எடுத்தேன். நீ சொல்லாமல் விட்டிருந்தால் அந்தத் தாள் பெட்டிக்குள் கிடந்திருக்கும். கிழிக்க முன்பு, அன்றைக்கு நான் விரித்தே பார்க்காத அந்தப் படத்தை விரித்தேன்.

படத்தில் இரண்டு கோடு இருக்கிறது தம்பி. ஒன்று மூக்கு நுனியில். மற்றது என்ஜினுக்குப் பின்னால் இருக்கிற இரும்புத் தகட்டில், மூக்கு நுனியிலிருந்து ஒரு மீற்றர் பின்னுக்கு. சில்லு, சீற்று, எண்ணெய் எல்லாவற்றுக்கும் மூக்கிலிருந்து தூரம் போட்டிருக்கிறாய். பற்றரிக்கும் பைக்கும் மட்டும் தகட்டிலிருந்து போட்டிருக்கிறாய். பற்றரிக்கு 205 என்று எழுதியிருக்கிறாய், அது 305. பைக்கு 160 இல்லை, 260. திருத்திப் போட்டுப் பார்த்தேன். எண்ணெய் குறையக் குறைய முன்பாரம் குறைந்து மையம் பின்னுக்குப் போகிறது. கடைசியில் 200இல் நிற்கிறது. எல்லையைத் தாண்டி ஐந்து சென்டிமீற்றர். கோல்மன் தனியப் பறந்தபோது பூப்போல இருந்ததற்கும் காரணம் அதுதான், ஒரு ஆளும் பையும் இல்லாவிட்டால் எல்லைக்குள்தான் நிற்கிறது.

மூன்று தரம் போட்டேன். மூன்று தரமும் 200.

எட்டாம் ஆண்டுப் பிள்ளை கண்டுபிடிக்கிற பிழை. அளவு எந்த இடத்தில் தொடங்குகிறது என்று முதலில் பார் என்று இருபது வருடமாக வகுப்பில் கத்துகிறேன். அன்று மச்சான் சைக்கிளோடு வாசலில் நின்றார். பெருக்கலை மட்டும் பார்த்துவிட்டுப் பெயரை எழுதினேன். எழுதியதைப் பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லியும் திரிந்தேன்.

என்னிடம் ஒளிக்காமல் சொல். என் கையெழுத்தைப் பார்த்துத்தான் அவனை ஏற்றினீர்களா?

ராத்தா


786
சார்ஜா
20.01.1995

அன்புள்ள ராத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நோன்பு வருகுது. உம்மாவ நோன்பு பிடிக்க விடாதீங்க, குளிசை குடிக்கிற ஆள்.

நீங்க கேட்டதுக்கு என்ன எழுத. ஓம், இரண்டாவது ஆள் பார்த்த எண்டு சொன்னதாலதான் அழகு ஏறினவன். விசாரணையில உங்கட கடிதத்தையும் தாளையும் கேட்டாங்க, குடுத்தன். ரெண்டாவது ஆள் பார்த்திருக்கு, அப்ப கணக்கில குறை இருக்காது எண்டு வாங்கி வைச்சிட்டாங்க. நீங்க பிடிச்ச பிழை இஞ்ச ஒருத்தருக்கும் தெரியாது. அப்பிடியே இருக்கட்டும். நீங்களும் ஒருத்தருக்கும் சொல்லாதீங்க. சொல்லி அழகு வரப்போறானா?

நீங்க வேணுமெண்டு செய்யல்லதானே. அல்லாஹ் அறிஞ்சவன். மனசப் போட்டு அலட்டிக்கொள்ளாதீங்க.

இஞ்ச குளிர். வேற விசேசம் இல்ல.

முனாப்


786
சாய்ந்தமருது
14.03.1995

தம்பி முனாபுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். பெருநாள் வந்து போனது. உம்மா உனக்காக அழுது துஆச் செய்தா. மச்சானுக்கு இப்போது கடல் திறந்திருக்கிறது, நல்ல மீன் படுகிறது. இதெல்லாம் எழுத வேண்டுமென்பதற்காக எழுதுகிறேன்.

நோன்பு முழுக்க நான் யாரோடும் சரியாகக் கதைக்கவில்லை. அதிபரிடம் போய்ச் சாதாரண தர வகுப்பை உம்மு ரீச்சருக்குக் கொடுக்கச் சொன்னேன். காரணம் கேட்டார். தலையிடி என்றேன். கரும்பலகையில் ஒரு கணக்கை எழுதிவிட்டு, சரியா பிழையா என்று பிள்ளைகளிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

நீ சொல்ல வேண்டாம் என்றாய். பெருநாள் கழிந்து நாலாம் நாள், மச்சானிடமும் சொல்லாமல், தனியே பாண்டிருப்புக்குப் போனேன். கேதீஸ்வரி முற்றத்தில் நெல்லுக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். தாளையும் படத்தையும் அவளுக்கு முன்னால் விரித்து, இந்தக் கோடு, இந்தக் கோடு என்று காட்டினேன். "இதப் பார்த்துச் சரி எண்டு பேர் எழுதினது நான். பார்க்காமப் பார்த்தன் புள்ள. அழகரெத்தினம் என்ட கையெழுத்த நம்பி ஏறினவன்" என்றேன்.

அவள் அழுவாள், ஏசுவாள் என்று நினைத்துத்தான் போனேன். அந்தத் தாளைக் கையில் எடுத்துப் பார்த்தாள். பிறகு, "ஓம், உங்கட பேர அவரும் எழுதினவர்" என்று சொல்லி உள்ளே போய் ஒரு கடிதத்தைக் கொண்டு வந்து தந்தாள். அவன் கடைசியாகப் போட்ட கடிதம். வாசிக்கச் சொன்னாள். வாசித்தேன்.

"இண்டைக்குத் துரை தனிய ஏறிப் பறந்து காட்டினார். முனாப்ட ராத்தா, சாய்ந்தமருது றபீக்கா ரீச்சர், கணக்க முழுக்கப் பார்த்துச் சரி எண்டு எழுதி அனுப்பியிருக்காவாம். முனாப் நேத்து எங்களுக்குச் சொன்னவன். படிச்ச மனிசி பார்த்தது, நீ ஒண்டுக்கும் பயப்படாத. இனி என்ட முறை."

இதுதான் அவன் எழுதியிருந்தது. கடிதத்தின் தலைப்பில் திகதி 07.10.1994.

என் கடிதத்தை மச்சான் கல்முனைக் கந்தோரில் போட்டது ஐந்தாம் திகதி பின்னேரம். நீ அவர்களுக்குச் சொன்னது ஆறாம் திகதி.

கேதீஸ்வரி இதைக் கவனிக்கவில்லை. நானும் அவளுக்குச் சொல்லவில்லை. கடிதத்தை மடித்துக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். வரும் வழி முழுக்க நடந்தேன், பஸ் வந்தும் ஏறவில்லை.

என் கடிதம் உன் கைக்குக் கிடைத்தது எந்தத் திகதி?

றபீக்கா


786
சாய்ந்தமருது
22.04.1995

முனாபுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உம்மா சுகம்.

திரும்பவும் சண்டை தொடங்கிவிட்டது. பாதை எப்போது பூட்டும், தபால் எப்போது நிற்கும் என்று தெரியாது. நான் கேட்டது ஒரு திகதி மட்டும்தான்.

றபீக்கா


786
சார்ஜா
11.05.1995

என்ட ராத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நேத்து ஹஜ்ஜுப் பெருநாள். தொழப் போனன். பள்ளி வாசல்ல ஊராக்கள் கட்டிப் பிடிச்சு ஸலாம் சொல்ல வந்தாங்க, நான் செருப்பத் தேடுறமாதிரிக் குனிஞ்சுக்கொண்டு வந்துட்டன். ஏழு மாசமா இப்பிடித்தான்.

உங்கட கடிதம் எனக்குக் கிடைச்சது ஒக்டோபர் 31. அழகு மவுத்தாகிப் பத்தாம் நாள்.

இனி நடந்தத நடந்தபடி எழுதுறன். ஒக்டோபர் 6 வியாழக்கிழமை பின்னேரம் கொட்டிலுக்குள்ள நிக்கம். அடுத்த நாள் காத்து நல்லம், பறக்கலாம் எண்டு கோல்மன் சொன்னார். சொல்லிட்டு எனக்கிட்டக் கேட்டார், "உன்ட சகோதரிட பதில் வந்ததா?" வரல்ல எண்டு சொன்னாப் போதும், ஒரு சொல்லு. இன்னும் ரெண்டு கிழமை நிக்கும், அவ்வளவுதான். ஆனா நான் ஊதின ஊதல் கொஞ்சமா? என்ட ராத்தா கணக்கில புலி, ஒரு கிழமையில பதில் வரும், பாருங்க எண்டு. அழகு பெயின்ற் துடைக்கிற துணியக் கையில வைச்சுக்கொண்டு என்ட முகத்தப் பார்த்துட்டு நிண்டான். கணக்குச் சரி எண்டு எனக்கு அவ்வளவு நம்பிக்கை. எப்பிடியும் சரியெண்டுதானே எழுதப் போறா, இண்டைக்குச் சொன்னா என்ன, பிறகு சொன்னா என்ன எண்டு நினைச்சன். "வந்துட்டு, சரியாம்" எண்டு சொன்னன். தாள் எங்க எண்டு கேட்டார். அறையில இருக்கு எண்டன். அதுக்கு மேல அவர் கேக்கல்ல. என்ன நம்பினார்.

விழுந்த பிறகும் பிழை கணக்கில இருக்கும் எண்டு நான் நினைக்கல்ல. மூணாம் நாள் படத்த எடுத்துப் பார்த்தன். நீங்க பிடிச்ச அதே இடம். ரெண்டு கோடு. அதுதான் பெட்டியோட வரல்ல. லீவு கேட்டிருந்தாத் தந்திருப்பாங்க.

மறுகா 31ஆந் திகதி உங்கட கடிதம் வந்த. "கணக்கு எல்லாம் சரி." அத வாசிச்சுட்டு நான் என்ன நினைச்ச தெரியுமா ராத்தா? தப்பினன் எண்டு நினைச்சன். விசாரணைக்குக் கடிதத்தையும் தாளையும் மட்டும் குடுத்தன், திகதி குத்தின உறையக் குடுக்கல்ல. நீங்க உங்கட பிழையெண்டு எழுதினபோது, இல்ல எண்டு ஒரு வரி எழுதியிருக்கலாம். எழுதல்ல. உங்கட தலையில அது இருக்கிற வரைக்கும் என்ட தலை கொஞ்சம் லேசா இருந்த. அழகுக்குச் செஞ்சது புத்தி கெட்டுச் செஞ்சது. உங்களுக்குச் செஞ்சது தெரிஞ்சு செஞ்சது.

கோல்மன் ஜனவரியில ஆஸ்பத்திரியில இருந்து எனக்கு எழுதியிருந்தார். சுக்கான மிதிச்சதும் பிடியத் தள்ளினதும் சரியாத்தான் செஞ்சன் எண்டு நினைக்கன், ஆனா ஏன் கேக்கல்ல எண்டு தெரியல்ல, எங்கயோ கை பிழைச்சிருக்கு, உன்ட கூட்டாளியக் கொன்டுட்டன், மன்னிச்சுக்கொள் எண்டு. அவர் எனக்கிட்ட மன்னிப்புக் கேட்டு எழுதின கடிதத்தத் தலகாணிக்குக் கீழ வைச்சுக்கொண்டு நாலு மாசம் படுத்திருக்கன்.

போன திங்கட்கிழமை விசாரணைக் கந்தோருக்குப் போனன். உறையக் குடுத்தன். படத்தில ரெண்டு கோட்டையும் காட்டினன். ராத்தாட பேர வெட்டுங்க, அவ பார்க்க முதலே நான் பொய் சொல்லி ஏத்தினது எண்டு சொன்னன். அந்த அதிகாரி, "இது இத்தன நாளா எங்க இருந்த?" எண்டு கேட்டார். எனக்கிட்ட எண்டன். பாஸ்போட்ட வாங்கி வைச்சிருக்காங்க. பிழைய அறிக்கையில சேர்ப்பாங்களாம். எனக்கு என்ன செய்வாங்க எண்டு தெரியல்ல, திருப்பி அனுப்பினாலும் அனுப்பலாம். கோல்மனுக்கும் எல்லாத்தையும் எழுதிட்டன். பதில் இன்னும் இல்ல.

இந்தக் கடிதத்தக் கேதீஸ்வரிக்குக் காட்டுங்க. நேர எழுத எனக்கு முகம் இல்ல. உங்களுக்கு எழுதவும் இல்லதான்.

முனாப்


786
சாய்ந்தமருது
09.06.1995

தம்பி முனாபுக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம்.

உன் கடிதத்தை முதலில் நான் மட்டும் வாசித்தேன். பிறகு மச்சானிடம் கொடுத்தேன். அவர் வாசித்துவிட்டு எழும்பிக் கடற்கரைப் பக்கம் போனவர், இருட்டித்தான் வந்தார். உம்மாவுக்கு நான் சொல்லவில்லை. நீ வந்து சொல்.

உன்னை ஏச வேண்டுமென்று இரண்டு தரம் கடிதம் எழுதிக் கிழித்தேன். சரியென்று நான் எழுதிய அந்தக் கடிதம் பத்து நாள் பிந்தி வந்தது என்று தெரிந்ததும் என் நெஞ்சில் இருந்த கல்லு இறங்கியது உண்மை. ஒரு அரை மணித்தியாலம்தான். அந்தக் கடிதம் நேரத்துக்கு வந்திருந்தால் மட்டும் என்ன? அதிலும் சரி என்றுதானே இருந்தது. நீ பொய் சொல்லாமல் காத்திருந்திருந்தாலும் என் கையெழுத்தோடு அழகரெத்தினம் ஏறித்தான் இருப்பான். நீ என் பெயரை வெட்டச் சொன்னாய். வெட்ட வேண்டாம் என்று அந்த அதிகாரிக்கு எழுதியிருக்கிறேன். பார்த்தவள் நான்தான், பிழையாகப் பார்த்தேன், அதுவும் அறிக்கையில் இருக்கட்டும். நீ செய்ததை நான் சுமக்கவில்லை. என்னுடையதை நீ எடுத்துக்கொள்ளவும் வேண்டாம்.

நேற்றுப் பாண்டிருப்புக்குப் போனேன். இரண்டு இடத்தில் நிறுத்திச் சோதித்தார்கள். அடையாள அட்டையைப் பார்த்துவிட்டு, இந்த நேரத்தில் அங்கே என்ன அலுவல் என்று கேட்டார்கள். ஒரு கடிதம் வாசிக்கப் போகிறேன் என்றேன்.

கேதீஸ்வரியை இருக்கச் சொல்லி, முதல் வரியிலிருந்து கடைசி வரைக்கும் வாசித்தேன். எதையும் விடவில்லை. "தப்பினன் எண்டு நினைச்சன்" என்ற இடத்தில் அவள் கையை நீட்டி நிறுத்தினாள். திரும்ப வாசிக்கச் சொன்னாள். வாசித்தேன். பிறகு கடிதத்தை வாங்கித் தானும் வாசித்தாள். பிள்ளை வந்து மடியில் ஏறியது, இறக்கிவிட்டாள்.

கடிதத்தை மடித்துக்கொண்டு, "அப்ப துரைட கையிலயும் பிழையில்ல, இவர்ட ஒட்டிலயும் பிழையில்ல" என்றாள்.

"இல்ல புள்ள. குழாய் ஒண்டும் விடல்ல" என்றேன்.

"பெட்டி வந்த கிழமையே ஒட்டு விட்டுத்தான் விழுந்த எண்டு இஞ்ச கதைச்சவங்க, ரீச்சர். தான் ஒட்டின சாமானிலயே ஏறிச் செத்தவன் எண்டு எனக்கு முன்னாலயே சொன்னவங்க." அப்போதுதான் அழுதாள். பெட்டி வந்த அன்றுகூட அவள் அப்படி அழுது நான் பார்க்கவில்லை.

உனக்கு நான் ஏதும் பதில் சொல்லட்டுமா என்று கேட்டேன். நீங்கள் சொல்ல வேண்டாம், பேனையைத் தாங்கள் என்றாள். இதற்குக் கீழே இருப்பது அவளுடைய கையெழுத்து.

அல்லாஹ் உன்னைப் பொருந்திக்கொள்ளட்டும்.

ராத்தா றபீக்கா


முனாப் காக்காவுக்குக் கேதீஸ்வரி எழுதுறது. நான் சுகம், பிள்ளையும் சுகம்.

உங்கட கடிதத்த வாசிச்சன். எனக்கு உங்களில கோவம். அது போகுமா போகாதா எண்டு எனக்குத் தெரியல்ல. மன்னிச்சன் எண்டு எழுதினா அது பொய்யாப் போகும், அதால எழுதல்ல. ரீச்சருக்கிட்டச் சொல்லி இந்தக் கடிதத்த வாங்கி வைச்சிருக்கன். ஒட்டு விட்ட எண்டு கதைக்கிற ஆக்களுக்கு வாசிச்சுக் காட்ட வேணும்.

வண்டிக்குள்ள அவரோட இருந்தது நீங்க எண்டு போன வருசம் ரீச்சர் சொன்னவ. அந்த நேரம் அவருக்கு நினைவு இருந்ததா, கதைச்சவரா, என்ன கதைச்சவர் எண்டு ஒரு கடிதத்திலயும் நீங்க எழுதல்ல. இனியும் எழுத வேணாம். பாஸ்போட் தந்த பிறகு வாங்க. வந்து வாசல்ல நிண்டு சொல்லிட்டுப் போகாதீங்க. உள்ளுக்கு வந்து, எனக்கு முன்னால இருந்து சொல்லுங்க.

அ. கேதீஸ்வரி